சமோன் விட்ட நான்கு

தா சக் ஊரில் மொத்தம் மூன்று பார்லர்கள். மற்ற இரண்டில் முடியை மட்டும் வெட்டினார்கள். அதனால் கூட்டமெல்லாம் சமோன் கடைக்குத்தான் வந்தது.

சமோனுக்குக் கத்தரியைவிட நாக்கு கூர்மை. தலையை நனைக்கும்போது ஒரு சேதி, சாயம் ஊறும்போது ஒரு சேதி, உலர்த்தும்போது அதன் மிச்சம். எந்தத் தலை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் பேசுவாள். அந்த வருஷம் நாடே சிவப்பு, மஞ்சள் என்று இரண்டு அரசியல் அணிகளாகக் கிழிந்து கிடந்ததால், இந்தத் திறமைக்கு நல்ல கிராக்கி. தா சக்கில் சிவப்புச் சட்டையையும் மஞ்சள் சட்டையையும் ஒரே கொடியில் காயப்போட மாட்டார்கள். விகாரையின் தலைமை பிக்கு உடுத்தியிருக்கும் அங்கி மஞ்சள்தானே என்று ஒரு கோஷ்டி உரிமை கொண்டாடியது. துவைத்துத் துவைத்து அது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது, ஆகவே எங்கள் ஆள் என்றது இன்னொரு கோஷ்டி. பாவம் மனிதர், ஒருநாள் திடீரென்று கரும்பழுப்பு அங்கிக்கு மாறிவிட்டார்.

வாழைப்பழ வறுவல் விற்கும் லமாய் சிவப்பு. காலைச் சந்தை முடிந்ததும் தலை கழுவ வருவாள். மருந்துக்கடைக்காரர் மனைவி ஜின்தனா மஞ்சள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வருவாள். லமாய் சொன்னதில் கொஞ்சம் மிளகாய் தூவி ஜின்தனாவிடம் தருவாள் சமோன். ஜின்தனா சொன்னதில் கொஞ்சம் புளி கரைத்து மறுநாள் லமாயிடம் தருவாள். கேட்ட சூட்டில் இருவரும் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து, வேண்டாத சாயத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். தேர்தல் வந்தால் உங்களுக்குத்தான் என் ஓட்டு என்று இருவருக்குமே அவள் சத்தியம் செய்திருந்தாள்.

மூன்று மாத மழைக்கால விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் வினை வந்தது. மறுநாள் பெரிய மெழுகுவர்த்தியை ஊர்வலமாக விகாரைக்கு எடுத்துப் போவார்கள். ஊரே அலங்காரத்துக்கு முண்டியடித்ததில் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். சமோன் அசரவில்லை. இருவரையும் இரண்டு ட்ரையர் கூண்டுகளுக்குள் தலையை நுழைத்து உட்கார வைத்தாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தத் தைரியத்தில் ஜின்தனாவின் காதருகே குனிந்து கத்திக்கொண்டிருந்தாள்.

மின்சாரம் போனது. இரண்டு கூண்டுகளும் பட்டென்று அடங்கின. சமோனின் வாய் மட்டும் அடங்கவில்லை.

"...உங்க கடை மாத்திரையத் தின்னா இருக்கிற நோயும் குடும்பத்தோட வந்து தங்கிருமாம்! லமாய் சொல்றா!"

லமாய் தலை நிறைய ரோலர்களோடு மெதுவாகத் திரும்பினாள்.

"நான் எப்படி அதைச் சொன்னேன்? தேதி பாத்து வாங்கணும்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவ்வளவுதான்!"

அப்படியே ஜின்தனா பக்கம் திரும்பினாள். "அப்ப என் வறுவல் எண்ணெயை டிராக்டருக்கு ஊத்தலாம்னு நீங்க சொன்னீங்களாமே?"

"ஐயோ, நான் எண்ணெயைப் பத்திப் பேசினதே இல்லையே. சரி, இவ யாருக்கு ஓட்டுப் போடுறதாச் சொன்னா?"

"எங்களுக்கு."

"எங்களுக்கும்தான்!"

இருவரும் எழுந்து நின்று ஒவ்வொரு சேதியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு இரக்கம் வந்தது. நாடு முழுக்கக் குழு மேல் குழு போட்டும் நடக்காத நல்லிணக்கம், சமோன் கடையில் மின்சாரம் இல்லாத கால்மணி நேரத்தில் நடந்து முடிந்தது. பாதி சாயம் ஏறிய தலையோடு ஜின்தனாவும், ரோலர்களோடு லமாயும் ஒரே குடைக்குள் நுழைந்து மழையில் இறங்கிப் போனார்கள். சந்தையே பார்த்தது.

மறுநாள் விகாரையில் சமோன் பாய் விரித்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகக் கிடந்தது. காது மடல்வரை சூடேற, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். விரதகாலம் முடியும்வரை எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவராக மைக்கில் சொல்லும் நேரம். அவள் கணவன் தவீ, ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன், சாராயத்தை விடுவதாகக் கம்பீரமாக அறிவித்தான். வருஷா வருஷம் அதைத்தான் விடுவான். அவள் தம்பி சொம்நுக் சேவல் சண்டையை விட்டான். சேவல் போன வாரம்தான் செத்திருந்தது.

சமோன் எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு. நாலையும் விடுறேன்."

கூடத்தில் சிரிப்பு குபீரென்று கிளம்பியது. தலைமை பிக்குகூட விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நாலுமா அம்மா? இங்க பலபேர் ஒண்ணுக்கே மூச்சு வாங்குறாங்க."

"நாலும்தான் சாமி," என்றாள். கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் சொன்னது புத்தர் சிலைக்கு முன்னால். திரும்ப வாங்க முடியாது.

முதல் வாரம் கடை சாவு வீடு மாதிரி இருந்தது. உட்காருங்க, தலையைச் சாய்ங்க, தண்ணி சூடு போதுமா, இதைத் தாண்டி அவளுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி கண்ணாடியைப் பார்த்து, "இந்த வெட்டு எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்டாள். சமோன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "வெட்டியாச்சு," என்றாள்.

அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பித்தது. சமோன் பேசாமல் இருப்பதற்கு ஊர் அர்த்தம் கண்டுபிடிக்கத் தொடங்கியது. மஞ்சள் புருஷனுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், உள்ளுக்குள் நம்ம ஆள் என்றார்கள் சிவப்புக்காரர்கள். சிவப்புத் தம்பிக்குப் பயந்து என்றார்கள் மஞ்சள்காரர்கள். சொன்னது வெளியே போகாது என்று தெரிந்ததும் இரண்டு பக்கத்துப் பெண்களும் அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு மனசில் இருப்பதையெல்லாம் கொட்ட ஆரம்பித்தார்கள். லமாய்கூடத் திரும்பி வந்தாள். ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, நடுவில் என்ன கோஷம் என்பதே மறந்துபோய்ப் பக்கத்தில் நின்றவளைக் கேட்டதாகச் சொன்னாள். ஜின்தனாவும் வந்தாள். தன் மஞ்சள் சட்டை வெயிலில் அரிக்கிறதாம், கழற்றினால் என்ன நினைப்பார்களோ என்றாள். இவ்வளவு அருமையான சரக்கெல்லாம் கையில் வந்து விழுந்தும் யாரிடமும் கொடுக்க வழியில்லை. சமோன் அந்த வேகத்தையெல்லாம் கத்தரியில் காட்டினாள்.

கடையைச் சமாளித்துவிட்டாள். வீடுதான் சிக்கல்.

தவீயும் சொம்நுக்கும் ஒரு காலத்தில் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள். இப்போது வேலிக்கு இந்தப் பக்கம் தவீயின் டிவியில் மஞ்சள் சேனல், அந்தப் பக்கம் சொம்நுக்கின் ரேடியோவில் சிவப்பு நிலையம். முகம் பார்த்துப் பேசி வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. எது சொல்வதானாலும் சமோன் வழியாகத்தான்.

"உன் தம்பி எருமைகிட்டச் சொல்லு, ரேடியோவ அணைக்கலைன்னா வயரை வெட்டுவேன்," என்பான் தவீ.

சமோன் வேலிக்குப் போய், "தம்பி, அத்தானுக்குத் தலைவலியாம். கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கிறியா? உன் முழங்கால் எப்படி இருக்குன்னும் கேட்டாரு," என்பாள்.

"டிக்கெட் கிழிச்ச துரைக்குத் தலை வேற இருக்காக்கும், வலிக்கிறதுக்கு?" என்பான் சொம்நுக். ஆனாலும் முழங்காலைத் தடவிக்கொண்டே சத்தத்தைக் குறைப்பான். இது தவீயின் காதுக்கு வரும்போது, "உடம்பைப் பாத்துக்கச் சொன்னான்," என்று ஆகியிருக்கும். மூங்கில் குருத்துக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அத்தான் கொடுத்ததாக அந்தப் பக்கம் போகும். இரண்டு பேருமே எதிராளிக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கடையில் அவள் செய்தது பாவம் என்றால், வீட்டில் செய்தது புண்ணியம் என்றுதான் சமோன் எண்ணியிருந்தாள். ஆனால் விரதம் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. திட்டியதைத் திட்டியபடி கொண்டுபோனால் கோள். சர்க்கரை தடவினால் பொய்.

"சொல்லு அவன்கிட்ட," என்றான் தவீ, ஒருநாள் ரேடியோ அலறியபோது.

"நீங்களே சொல்லுங்க."

"நானா? அவன்கிட்டயா? ஏன், போன மாசம்கூட உடம்பைப் பாத்துக்கன்னு சொல்லி அனுப்பினானே. ஆளு மாறிட்டு வர்றான். நீ சொன்னாக் கேப்பான்."

சமோன் சீப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய சீப்பையே மறுபடி கழுவினாள்.

"அவன் சொல்லலை."

"எதை?"

"எதையும். உடம்பைப் பாத்துக்கன்னது நான். இருமலுக்கு இஞ்சி போடச் சொன்னதும் நான்தான்."

தவீ கிட்டே வந்தான். "போன புத்தாண்டுக்கு என் காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கணும்னு சொன்னதா..."

"அதுவும்தான்."

அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். டிவியைக்கூடப் போடவில்லை. மறுநாள் தம்பியும் வேலியோரம் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டான். "முழங்கால்?" என்று மட்டும் கேட்டான். அதுவும் நான்தான் என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்தபோது, ஒரு பெரிய மனிதனின் சட்டைப்பையில் கைவிட்டது மாதிரி அவளுக்குக் கூசியது. அன்று சாயங்காலமே இரண்டு பக்கமும் சத்தம் உச்சத்துக்குப் போனது. நடுவே இருந்த வேலியை இருவருமே ஆளுக்கொரு பக்கமாக உயர்த்திக் கட்டினார்கள்.

அடுத்த உபோசத வழிபாட்டு நாளில் சமோன் சாதமும் மீனும் எடுத்துக்கொண்டு விகாரைக்குப் போனாள். தலைமை பிக்கு முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, நான் பொய் சொன்னவரைக்கும் வீட்ல அமைதி இருந்துச்சு. உண்மையச் சொன்னேன், பத்திக்கிச்சு. நான் என்ன பண்றது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலையில சிவப்பு வீட்ல மீன் போடுறாங்க. அடுத்த வாசல்ல மஞ்சள் வீட்ல கோழி போடுறாங்க. எல்லாம் ஒரே பாத்திரத்துலதான் விழுது. நான் எதுக்கும் வாயைத் திறக்கிறதில்லை அம்மா. சாப்பிட மட்டும்தான்."

"அப்படி வாயைத் திறக்காம இருக்கிறது நல்ல பேச்சு விரதத்துல சேருமா சாமி?"

"அதைப் பத்தி அடுத்த உபோசதத்துக்குப் பிரசங்கம் பண்றேன்," என்று சொல்லிவிட்டு ஏற்கனவே கூட்டிய இடத்தையே கூட்ட ஆரம்பித்தார்.

திரும்பி நடக்கும்போது சமோனுக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. பிறகு எரிச்சல் தன் பக்கமே திரும்பியது. அவர் வாயை மூடியிருப்பது பயத்தில். நான் மூடியிருப்பது மட்டும் எதிலாம்? ஊர் மெச்சுகிறதே என்று ஒரு சுகம் இருந்தது அவளுக்கும். அதை அவள் மறைக்கவில்லை. மறைக்கத்தான் இப்போது வழியில்லையே.

மழை விடாமல் அடித்தது. ஊரோரம் ஓடும் ஆறு கரையைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது. வருஷா வருஷம் வருகிற வெள்ளம்தான். முன்பெல்லாம் எல்லோரும் சேர்ந்து ஊரைச் சுற்றி ஒரே கரையாக மணல் மூட்டை அடுக்குவார்கள். இந்தத் தடவை சிவப்பு வீடுகளுக்குச் சிவப்பு நாடா கட்டிய மூட்டை வந்தது, மஞ்சள் வீடுகளுக்கு மஞ்சள் நாடா கட்டிய மூட்டை. அவரவர் வாசலில் அவரவர் சுவர். தவீயின் சுவர் தண்ணீரைச் சொம்நுக் பக்கம் தள்ளியது. சொம்நுக்கின் சுவர் அதைத் திருப்பி அனுப்பியது. இரண்டு சுவருக்கும் நடுவில், வீட்டோடு ஒட்டித் தெருவைப் பார்த்தபடி இருந்த பார்லருக்குள் தண்ணீர் நிம்மதியாக வந்து தங்கியது.

மைத்துனர்கள் நல்லபடியாக இருந்த காலத்தில் சேர்ந்து வாங்கிய நீர் இறைக்கும் மோட்டார் ஒன்று இருந்தது. பிரிந்தபோது மோட்டார் தவீயிடம் தங்கிவிட்டது, அதன் ஓஸ் குழாய் சொம்நுக்கிடம்.

கணுக்கால் தண்ணீரில் நின்று சமோன் ஜின்தனாவுக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜின்தனா கால்களை ஸ்டூல் மேல் தூக்கி வைத்திருந்தாள். வெள்ளமானாலும் மகள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவேண்டுமே. பின்வாசல் படியில் தவீ வந்து நின்றான். முன்வாசலில் வேட்டியை மடித்துக்கட்டிச் சொம்நுக் நின்றான்.

"சமோன், அந்த ஆள்கிட்டச் சொல்லு, ஓஸைக் குடுத்தா நாட்டுக்கு ஒண்ணும் நஷ்டமில்லைன்னு."

சமோன் நுரையைத் தேய்த்தாள்.

"அக்கா, அவர்கிட்டச் சொல்லு, மோட்டாரை இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லு. மாட்டத் தெரிஞ்சவங்க இங்கதான் இருக்காங்க."

"மாட்டத் தெரியுமாம்! நாட்டை விக்கிறவன்கிட்ட எப்படி மாட்டிக்கிட்டான்னு கேளு!"

"பட்டாளம் டேங்குல தெருவுக்கு வந்தா பூ குடுத்து வரவேற்கிறவரு என்னைப் பேசுறாரா? கேளுக்கா!"

சமோன் ஜின்தனாவைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். "மாடியில நல்ல தண்ணி இருக்கு, அலசிக்கலாம் வாங்க," என்றாள். அது உண்மை, உபயோகமானதும்கூட. இருவரும் மாடி ஏறினார்கள்.

கீழே பேச்சு நிற்கவில்லை. "சொல்லு சமோன்", "கேளுக்கா" என்பதெல்லாம் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. பிறகு அது உதிர்ந்துவிட்டது.

"...ஏன்யா, மழையையும் நாங்கதான் காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தோமா?"

"உங்க ஆளுங்க அணையைத் திறந்துவிட்டது யார் கண்ணுக்கும் தெரியாதா? டேய், அந்த மூடியைத் திருகு, ஒழுகுது!"

"திருகிட்டுத்தான் இருக்கேன்! கைய எடுங்க அத்தான், நசுங்கிடப்போகுது!"

சமோனின் கை நுரைக்குள் அப்படியே நின்றது. ஜின்தனா ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. கீழே இரண்டு ஆண்கள் அதற்கு மேல் கத்திக்கொண்டிருந்தார்கள், கெட்ட வார்த்தைகளும் இருந்தன.

சமோன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஓஸ் வேலியோரமாக ஓடி, பின்பக்கச் சந்து வழியாக மருந்துக்கடையின் கொல்லைக்குள் போய் முடிந்தது. மஞ்சளும் சிவப்பும் கூடிப் பேசி, வெள்ளத்தை மூன்றாம் வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். ஜின்தனாவின் கண்ணில் சோப்பு. அவள் எதையும் பார்க்கவில்லை.

யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருந்தால் பொய் ஆகாது. இவ்வளவு நாளைக்குப் பிறகு புருஷனும் தம்பியும் ஒரே வேலையில் கை வைத்திருக்கிறார்கள், இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுப்போகும். ஊர் மெச்சிய மௌனம் வேறு இருக்கிறது. சமோன் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். இன்னொரு குவளை ஊற்றினாள்.

"ஜின்தனா," என்றாள். "தண்ணி உங்க கொல்லைக்குள்ள போகுது. மருந்துப் பெட்டியெல்லாம் தரையிலதானே இருக்கு?"

ஜின்தனா பாதித் தலை நுரையோடு படியில் இறங்கி ஓடினாள். அவள் போட்ட கூச்சலில் மோட்டார் சத்தமே அடங்கிப்போனது. தவீ மாடிப்படியை அண்ணாந்து பார்த்தான். "வீட்டுக்குள்ளயே துரோகியா!" என்றான். "அக்கா, நீ யார் பக்கம்?" என்றான் சொம்நுக். கேட்டுவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"மருந்து நனைஞ்சா நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வரும்போது எங்க போவீங்க?" என்றாள் சமோன். அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் வேறு வழியில்லாமல் தன் வீட்டு ஓஸைக் கொண்டு வந்தார். அது மஞ்சள் வீட்டு ஓஸ் என்று சொம்நுக் ஒரு தடவை முனகினான். இரண்டையும் இணைத்து ஆற்றங்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் தண்ணீரைத் திருப்ப நாள் முழுவதும் ஆனது. மூன்று ஆண்களும் ஒரு நிமிடம் விடாமல் சண்டை போட்டுக்கொண்டேதான் அதைச் செய்தார்கள். பசி வந்தபோது லமாய் ஒரு கூடை வறுவலை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை மட்டும் பேசாமல் தின்றார்கள்.

அதற்குப் பிறகு தவீயும் சொம்நுக்கும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொன்னால் அது சமோனின் பழைய பாணிச் சேதி ஆகிவிடும். ஆகவில்லை. தினமும் சாயங்காலம் வேலிக்கு இருபுறமும் நின்று நேருக்கு நேர் திட்டிக்கொண்டார்கள். எதிராளி சொல்வது காதில் விழவேண்டுமே என்று டிவியையும் ரேடியோவையும் அணைத்து வைத்தார்கள். ஒருநாள் சொம்நுக் திட்டிக்கொண்டே இருமியதும், "இஞ்சி போட்டுக் குடிடா, எருமை," என்றான் தவீ. சமோன் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். இதை யாரும் அவள் வழியாக அனுப்பவில்லை.

விரதகாலம் முடிந்த மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். இத்தனை நாள் சேர்த்து வைத்த சரக்கையெல்லாம் சமோன் இன்று அவிழ்ப்பாள் என்று வெகுதூரத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். லமாய்தான் முதலில் நாற்காலியைப் பிடித்தாள். ஜின்தனா பக்கத்து நாற்காலி.

"இப்பச் சொல்லுக்கா," என்றாள் லமாய். "வாய்க்கட்டு அவுந்தாச்சுல்ல. நீ எந்தப் பக்கம்?"

கடை மூச்சை நிறுத்திக்கொண்டது.

"எனக்கே தெரியலை," என்றாள் சமோன். "ரெண்டு பேரு பேசுறதையும் கேட்டேன். ரெண்டுலயும் பாதி சரியாப் படுது, பாதி பயமா இருக்கு."

லமாய் கண்ணடித்தாள். புரிந்துவிட்டது என்ற கண்ணடிப்பு. ஜின்தனாவும் தனக்குப் புரிந்துவிட்டது என்பதுபோல் சமோனின் கையை இரகசியமாக அழுத்தினாள். அந்த ஊரில் அவள் சொன்ன சுத்தமான உண்மைகளில் அதுவும் ஒன்று. அதை ஒருத்தரும் நம்பவில்லை.

சமோன் தண்ணீரைத் திறந்து சூடு பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு டிவி நாடகத்தில் வரும் கதாநாயகிக்கு எந்தப் பாவி அப்படி முன்முடி வெட்டிவிட்டான் என்று ஆரம்பித்து, லமாயின் தலை காய்ந்து, ஜின்தனாவின் தலையும் காய்ந்து, மூன்றாவது தலை நனையும்வரை ஒரு பிரயோஜனமும் இல்லாமல் பேசித் தீர்த்தாள்.